ஜன்னலுக்கு வெளியே நின்றவள்

என் தங்கை தையல்காரி. தெருவில் எல்லோரும் அவளை ஊசியக்கா என்பார்கள். கைக்கும் வாய்க்கும் சேர்த்து வைத்த பெயர் அது. லிப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற கணவர், மகன், மருமகள் ஆகியோருடன் அவள் இருந்த வீட்டுக்கு ஒரு புகைப்படக்காரர் வந்தார். சாதாரண வீடுகளில் சினிமாவுக்குப் போடுவதுபோல் விளக்குப் போட்டு, ஆட்களை நிறுத்தி, காரணம் தெரியாமலே மனதை உறுத்தும் படங்களை எடுப்பவர்.

பட்டப்பகலில் ஜன்னலுக்கு வெளிப்புறத்தைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டி இரவாக்கினார்கள். சாப்பாட்டு மேசையை ஜன்னலோரம் நகர்த்தினார்கள். கணவரும் மகனும் மருமகளும் தட்டைப் பார்த்தபடி உட்கார வேண்டும். நாலாவது நாற்காலி படத்தைக் கெடுக்கிறது என்று எடுத்துவிட்டார்கள். என் தங்கையை வெளியே நிறுத்திக் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னார்கள்.

“என்ன நினைச்சுக்கிட்டுப் பாக்கணும்?”

“ஒண்ணும் நினைக்க வேணாம்மா,” என்றார் புகைப்படக்காரர். “சும்மா பாருங்க, போதும்.”

கண்காட்சியில் படம் பெரிதாகப் பேசப்பட்டது. வீட்டில் மேசை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஜன்னலோரம் காற்று வருகிறது என்றாள் மருமகள். அங்கே மூன்று நாற்காலிக்குத்தான் இடம். என் தங்கை பரிமாறிவிட்டு, தையல் அறையில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள்.

“என் நாற்காலியை எடுத்துப் போடுடா,” என்று மகனிடம் கேட்டாள்.

“நீங்க எப்பவும் கடைசியாத்தானேம்மா சாப்பிடுவீங்க? அப்ப ஒண்ணு காலியாத்தான் இருக்கும்.”

“இடம் காலியானப்புறம் உக்கார, நான் என்ன பஸ்ஸுலயா போறேன்?”

கணவர் சிரித்தார். நாற்காலி வரவில்லை.

அடுத்த வருடம் அதே மேசையில் இன்னொரு படம் எடுக்க வேண்டுமென்று புகைப்படக்காரர் திரும்ப வந்தார். அன்று நானும் அங்கிருந்தேன்.

“இந்தத் தடவை நான் உள்ள உக்காந்துக்கறேன்,” என்றாள் தங்கை.

“உங்க முகம் வெளியில இருந்தாத்தான்மா எடுபடுது.”

“அப்ப வேற மூஞ்சியைப் பாத்துக்குங்க தம்பி.”

வீட்டில் யாராவது தன் பக்கம் பேசுவார்கள் என்று நம்பித்தான் அப்படிச் சொன்னாள். மகனும் மருமகளும் மேசையில் தட்டுகளை வைக்கத் தொடங்கினார்கள்.

“நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா மாப்பிள்ளை?” என்று அவள் கணவரிடம் கேட்டேன்.

“எல்லாம் நடிப்புதானே மச்சான். இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா?”

புகைப்படக்காரர் ஒரு நடிகையை வரவழைத்தார். மருமகள் தையல் அறைக்குள் எட்டிப்பார்த்தாள்.

“அத்தை, போன தடவை படத்துக்கு நீங்க போட்டிருந்த நீலச் சட்டை அந்தம்மாவுக்குத் தொளதொளங்குது. இடுப்புல கொஞ்சம் புடிச்சுக் குடுங்களேன்.”

தங்கை பிடித்துக் கொடுத்தாள். தையல் வளையாமல் நேராகத்தான் போட்டாள். நடிகை அதைப் போட்டுக்கொண்டு வெளியே நின்றாள். இடைவேளையில் கணவரே சாமான் அறைக்குப் போய் நாலாவது நாற்காலியைக் கொண்டுவந்து, துண்டால் தூசி தட்டி நடிகைக்குப் போட்டார்.

“உக்காருங்கம்மா. எவ்வளவு நேரம்தான் கால் கடுக்க நிப்பீங்க?”

வாசற்படியில் நின்று என் தங்கை அதைக் கேட்டாள்.

“அண்ணே, தையல் மெஷினை ஒரு பக்கம் புடிங்க,” என்றாள்.

நாங்கள் மெஷினைத் தூக்கிக்கொண்டு கூடத்தைக் கடந்தபோது மகன் எழுந்து வந்தான். “சாயங்காலம் போலாமேம்மா. அந்தச் சட்டை எங்கயாவது பிரிஞ்சா யாரு தைக்கறது?”

இப்போது என் வீட்டு முன்னறையில் தைக்கிறாள். கணவர் ஒரே ஒரு முறை வந்தார், கையில் ஒரு பேன்ட்டுடன். மெலிந்திருந்தார். அவள் நாடாவை எடுத்து இடுப்பை அளந்து குறித்துக்கொண்டாள்.

“எப்ப கிடைக்கும்?”

“முன்னாடி நாலு பேர் துணி இருக்கு,” என்றாள்.