ஹீட்டரின் தொப்பை

பன்றி ஆராய்ச்சிப் பண்ணையில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஹீட்டர் என்பார்கள். பிறந்த குட்டியின் உடம்பில் கொழுப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது, வெடவெடவென்று நடுங்கும். சூட்டு விளக்கடியில் இடம் இல்லாவிட்டால் இவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி, குட்டியைத் தொப்பையோடு அணைத்துக்கொள்வார். அது உள்ளேயே ஒன்றுக்குப் போனாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்தத் தொப்பைக்குத் தனிச் சம்பளம் தரவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கோரிக்கை. மனைவியோ அதைக் கரைத்தே தீருவேன் என்று ராத்திரிச் சாப்பாட்டில் கைவைத்துவிட்டாள்.

அந்த வாரம் பிறந்த குட்டிகளில் பாதிக்கு உடனே பால் கொடுத்தார்கள். மீதிக்குக் கொஞ்ச நேரம் வெறும் தண்ணீர். சோதித்துப் பார்த்த டாக்டரம்மா, பால் குடித்தவற்றின் உடம்புதான் கொழுப்பை நன்றாக எரிக்கப் பழகியிருக்கிறது என்றார். ஹீட்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு ஓடினார்.

"கேட்டியா? பட்டினி போட்டா கொழுப்பு எரியாதாம். பால் குடிச்ச குட்டிக்குத்தான் எரியுதாம். விஞ்ஞானமே சொல்லுது!"

மனைவி அடுப்படிக்குப் போனாள். பெரிய டம்ளர் நிறையப் பால் கொண்டுவந்து வைத்தாள். இவ்வளவு சுலபமாக ஜெயிப்போம் என்று அவரே நினைக்கவில்லை. ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்தபடி, "சாப்பாடு எங்க?" என்றார்.

"எந்தக் குட்டி பாலைக் குடிச்சிட்டுச் சாப்பாடு கேட்டுச்சு?" என்று அவள் அடுப்படி விளக்கை அணைத்தாள்.