வீரபாண்டி: திருநீற்றைத் துடைக்காத நாள்

போன மாதம் ஒரு புதன்கிழமை வீரபாண்டி கௌமாரியம்மனைப் பார்க்கப் போனோம். என் கணவர் மதுரையில் மின்னியல் பேராசிரியர். ஓய்வுபெறும் வயதிலும் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லிக் கல்லூரியில் கேட்டிருந்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அவர் மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும், அதுதான் என் வேண்டுதல். முப்பத்தொரு வருடம் ஆறிய சோற்றைத் திரும்பத் திரும்பச் சூடு பண்ணி எனக்கும் அலுத்துவிட்டது.

காலை 6.10க்கு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம், 8.20க்குத் தேனி. அங்கிருந்து வீரபாண்டி எட்டு கிலோமீட்டர். டவுன் பஸ் உண்டு, ஆனால் அவருக்கு முழங்கால் வலி. ஆட்டோவுக்கு 200 ரூபாய்.

கரண்டு வாத்தியார் என்று தெரிந்ததும், தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டரைப் பார்ப்பாரா என்று ஆட்டோக்காரர் கேட்டார். தான் பார்ப்பது செமிகண்டக்டர், கரண்டை ஒரு சமயம் விடும், ஒரு சமயம் விடாது, அந்தப் பொருளை மெல்லிய படலமாக வளர்த்து சிப் செய்கிறோம் என்று இவர் விளக்கினார்.

"அப்ப எங்க ஊரு வயர்மேனும் அதேதான் சார். நெனச்சா விடுவாக, நெனச்சா நிப்பாட்டிருவாக."

இவர் சிரித்துப் பார்த்து நாளாயிற்று.

சன்னிதியில் பூசாரி இவர் நெற்றி நிறையத் திருநீறு பூசினார். சாம்பலின் உப்புச்சத்து துளி பட்டாலும் சிப் கெட்டுவிடும்; கேட்டும் படித்தும் நானாகத் தெரிந்துகொண்டது. காலையில் நான் பூசிவிடுவதை லேப் வாசலில் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். லீவு நாளிலும் கை தானாகக் கைக்குட்டைக்குப் போய்விடும். அன்று போகவில்லை.

முல்லையாற்றுப் படித்துறையில் உட்கார்ந்ததும், என்ன முடிவு என்று கேட்டேன். வரிசையில் நிற்கும்போதே மாட்டேன் என்று மெசேஜ் அனுப்பிவிட்டாராம். மனசு குளிர்ந்தது. அதோடு விட்டிருக்கலாம், ஏன் என்றும் கேட்டேன்.

"கை நடுங்குது. போன மாசம் சிப் வளக்குற தகடு ஒண்ணக் கீழ விட்டு ஒடச்சிட்டேன். லேப் பிள்ளைகளோட எட்டு மாச வேலை. ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல."

தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார். அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தேன். நடுங்கத்தான் செய்தது. தினமும் அந்தக் கைக்குத்தான் சோறு போடுகிறேன், எனக்குத் தெரியவில்லை. அம்மனுக்கு நன்றி சொல்லத் திரும்ப உள்ளே போகக் கால் வரவில்லை. வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தோம்.

போகிறவர்களுக்கு: செவ்வாய், வெள்ளியில் கூட்டம் அதிகம். மற்ற நாளில் அரை மணி நேரத்தில் தரிசனம் முடிந்துவிடும். படித்துறை வழுக்கும், பார்த்து இறங்குங்கள். வீட்டுக்காரருக்காக வேண்டிக்கொள்ளப் போவதாக இருந்தால், முதலில் அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.