ஆறு பக்கமும் காட்டிய வீடியோ

“…அப்போ உங்க ஒரு பட்டுப்பாவாடைக்காக நான் வாசல்ல கிடந்த மிதியடியவே மாத்திட்டேன், அப்படித்தானே?”

போன வருடம் நவராத்திரிக்கு நாலைந்து நாள் முன்பு, பம்பாய்ப் பக்கம் நெருளில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் ஏ விங், மூன்றாவது மாடி. கதவைப் பாதி திறந்து பிடித்தபடி அந்த வீட்டுப் பெண் இப்படிக் கேட்டார். நான் மனசுக்குள் நினைத்துக்கொண்டிருந்ததும் அதேதான். வந்ததும் வராததுமாக, “இந்த மிதியடி எப்ப வாங்கினிய?” என்றுதான் பேச்சையே ஆரம்பித்திருந்தேன்.

நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

தாராவியில் மாடி அறை ஒன்றில் நானும் இன்னும் இரண்டு பெண்களுமாகக் குழந்தைகளுக்குப் பட்டுப்பாவாடை சட்டை தைத்து, ஆன்லைனில் விற்கிறோம். நெருள், செம்பூர், அணுசக்தி நகர் என்று நம் ஆட்கள் இருக்கிற இடத்திலிருந்தெல்லாம் ஆர்டர் வரும். ஒரு கட்டடத்தில் ஒருவர் வாங்கினால் போதும், பக்கத்து வீடு, எதிர் வீடு என்று பத்து பேர் வாங்குவார்கள். இந்த நெருள் கட்டடத்திலும் அப்படித்தான். அங்குள்ள தமிழ்ப் பெண்கள் தங்கள் போன் குரூப்பில் என்னையும் சேர்த்துக்கொண்டு, புது மாடல் வந்தால் படம் போடச் சொல்லியிருந்தார்கள்.

வியாபாரம் நன்றாகத்தான் போனது. ஆனால் நாங்கள் விற்கிற தளத்தில் ஒரு விதி. பார்சல் வந்து சேரவில்லை என்ற புகார் மூன்று முறை நம் மேல் உறுதியானால் கடையை மூடிவிடுவார்கள். என் மேல் ஏற்கெனவே இரண்டு இருந்தன. அதில் ஒரு அம்மா, பாவாடை வரவே இல்லை என்று சாதித்துவிட்டு, பொங்கலன்று மகளுக்கு அதே பாவாடையைக் கட்டி ஸ்டேட்டஸ் வைத்திருந்தார். ஜரிகையில் நான் வைத்த மாங்காய் எனக்குத் தெரியாதா? ஆனால் என்னிடம் அத்தாட்சி என்று ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகுதான் வீடியோ எடுக்கும் பழக்கம் வந்தது. பாவாடையை விரித்துக் காட்டி, மடித்து, பெட்டிக்குள் வைத்து, தராசில் ஏற்றி, டேப் ஒட்டி, பெட்டியை ஆறு பக்கமும் திருப்பிக் காட்டி முடிப்பேன். என்னோடு தைக்கும் தங்கச்சி முறைக்காரி கேலி செய்வாள்: “யக்கா, இப்படித் திருப்பித் திருப்பிப் படம் பிடிச்சா பொட்டிக்கே வெக்கம் வந்துரப் போவுது.”

இப்படி எல்லாம் எச்சரிக்கையாக இருந்தும் மூன்றாவது புகார் வந்தது. இந்த நெருள் வீட்டிலிருந்துதான். கொலுவுக்கு மகளுக்கு ஆர்டர் செய்த பாவாடை வரவில்லை என்று எழுதியிருந்தார். டெலிவரி ஆகிவிட்டதாகத் தளத்தில் காட்டியது. டெலிவரிக்காரர் எடுத்த படமும் இருந்தது. ஒரு வாசல், வெள்ளை டைல்ஸ், நீல மிதியடியில் பாதி, அதன் மேல் என் பெட்டி. படத்தை அவருக்கு அனுப்பினேன். “இது எங்க வாசல் இல்ல, எங்க மிதியடி இல்ல” என்று பதில் வந்தது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுபடியும் ஒரு ஸ்டேட்டஸ் அம்மா என்று முடிவே கட்டிவிட்டேன். என் வீடியோவைத் தளத்துக்கு அனுப்பினால், ‘இது பார்சல் கட்டியதைத்தான் காட்டுகிறது, சேர்ந்ததைக் காட்டவில்லை’ என்று கையை விரித்துவிட்டார்கள். மறுநாள் மாலை ஆறு மணிக்குள் வாங்கியவரே புகாரைத் திரும்பப் பெற வேண்டும், இல்லையென்றால் கடை மூடப்படும். நவராத்திரி, தீபாவளி, பொங்கல் என்று வரிசையாக வருகிற நேரம். என்னை நம்பி உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்களின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

அந்த ஆத்திரத்தில்தான் நான் அதைச் செய்தேன். அந்தக் கட்டடத்துப் பெண்கள் குரூப்பில், அத்தனை பேர் பார்க்கும்படி எழுதினேன்: ‘ஏ விங் 304-ல் பாவாடையை வாங்கி வைத்துக்கொண்டு வரவில்லை என்கிறார்கள். உழைக்கிறவள் வயிற்றில் அடிக்கிறார்கள். மற்றவர்கள் ஜாக்கிரதையாக இருங்கள்.’

மறுநாள் மத்தியானம் கிளம்பிவிட்டேன். தங்கச்சி வாசல் வரை வந்து, “அங்க போயி லஃப்டா கிஃப்டான்னு சண்டை இழுத்துராதிய யக்கா, மெள்ளமாப் பேசுங்க” என்று சொல்லித்தான் அனுப்பினாள். குர்லாவில் வண்டி மாறி, நெருள் போகும்வரை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மணி பார்த்தேன். மெதுவாகப் பேச வேண்டும் என்று செம்பூர் வரை நினைத்தேன். வாஷி பாலம் தாண்டும்போது அந்த நினைப்பு போய்விட்டது.

இப்படித்தான் அந்த வாசலில் போய் நின்றேன். மிதியடி காவி நிறம். மாற்றிவிட்டார்கள் என்றுதான் என் புத்தி போனது.

“உள்ள வாங்க” என்றார் அவர். குரலில் மரியாதை இருந்தது, முகத்தில் இல்லை. “குரூப்ல எழுதினீங்க. லிஃப்ட்ல ரெண்டு பேர் என்னப் பாத்துட்டு முகத்தத் திருப்பிக்கிட்டாங்க. காலையில பொண்ணு பஸ் ஸ்டாப்ல வேற ஒருத்தி வந்து கேக்கறா, என்ன பாவாடை விஷயம்னு. நான் ஆபீசுக்கு லீவு போட்டுட்டு உக்காந்திருக்கேன், தெரியுமா?”

“நான் பொய் சொல்லல. எங்கிட்ட வீடியோ இருக்கு” என்றேன்.

“காட்டுங்க.”

போனை எடுத்து ஓடவிட்டேன். என் வீடியோ மேல் எனக்கு அத்தனை நம்பிக்கை. பாவாடையை விரிக்கிறேன், மடிக்கிறேன், தராசு, டேப். பெட்டியைத் திருப்பும் இடத்தில் அவர் என் கையைப் பிடித்தார்.

“ஏக் மினிட். பின்னாடி போங்க. நிறுத்துங்க. இது என்ன?”

பெட்டியின் அடிப்பக்கம். அங்கே ஒரு பழைய லேபிள், பாதி கிழிந்தும் கிழியாமலும் ஒட்டியிருந்தது. அவர் விரலால் படத்தைப் பெரிதாக்கினார். இதே கட்டடத்தின் பெயர். சி விங், 1102.

அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் கிழியாத அட்டைப்பெட்டியை யாரும் தூக்கிப் போட மாட்டோம். அதை வாங்கி விற்பதே அங்கே பெரிய தொழில். ஒரு மாதம் முன்பு இதே கட்டடத்து சி விங்கிலிருந்து அளவு சிறியது என்று ஒரு பாவாடை திரும்பி வந்திருந்தது. பெட்டி புதுசு மாதிரி இருந்ததால் எடுத்து வைத்தேன். எப்போதும் பழைய விலாசத்தின் மேல் மார்க்கரால் கறுப்படித்துவிடுவேன். அன்றைக்கு அவசரத்தில் விட்டிருக்கிறேன். இரண்டு லேபிளிலும் ஒரே கட்டடம், ஒரே பின்கோடு. டெலிவரிக்காரர் கண்ணில் எது பட்டதோ அந்த வாசலுக்குப் போயிருக்கிறார். அந்த வீடியோவை நான் பத்து தடவையாவது பார்த்திருப்பேன். பாவாடை தெரிகிறதா, எடை தெரிகிறதா என்று பார்த்தேனே தவிர, பெட்டியைப் பார்க்கவில்லை.

அவர் செருப்பை மாட்டினார். நான் பின்னாலேயே சி விங்குக்குப் போனேன். பதினோராவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததுமே நீல மிதியடி தெரிந்தது.

கதவைத் திறந்தவர் வயசானவர், வீட்டில் தனியாக இருந்தார். “பார்சலா? ஆமா, வந்துது. மருமக பேர் போட்டிருந்துது. அவ பிரசவத்துக்குப் புனே போயிருக்கா. அவ சாமானை நான் எதுக்குப் பிரிக்கணும்னு எடுத்து வெச்சேன்” என்றபடி, பீரோ மேலிருந்து பெட்டியை இறக்கிக் கொடுத்தார். டேப் ஒட்டினது ஒட்டினபடி இருந்தது.

திரும்பி 304-க்கு வந்தபோது மணி நாலே முக்கால். சோபா நுனியில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும், ஆனால் என் கண் அவருடைய போன் மேலேயே இருந்தது. அதில் அவர் ஒரு பட்டனை அழுத்தினால் என் கடை பிழைக்கும். அழுத்தாவிட்டால் அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அவர் தளத்தைத் திறந்து, புகாரைத் திரும்பப் பெறும் பக்கம் வரை போனார். போனை அப்படியே மேசை மேல் வைத்தார்.

“முதல்ல நீங்க குரூப்ல எழுதுங்க. எத்தனை பேர் முன்னாடி சொன்னீங்களோ அத்தனை பேர் முன்னாடி” என்றார்.

எழுதினேன். பழைய லேபிளை அழிக்காதது என் தப்பு, பார்சல் வேறு வீட்டில் இருந்தது, 304-காரர் சொன்னது அத்தனையும் உண்மை, எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதினேன். கடைசியில், ‘நான் ஏழாம் வகுப்பு தாண்டாதவள், படிப்பறிவு இல்லாத முட்டாள், பெரிய மனசு பண்ணி மன்னியுங்கள்’ என்றும் சேர்த்தேன். அப்படி எழுதினால் அவருக்கு இரக்கம் வரும் என்று ஒரு கணக்கு. அதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

அனுப்புவதற்கு முன் அவரிடம் காட்டினேன். மெதுவாக, எழுத்துக் கூட்டித்தான் படித்தார். பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் வாசிப்பு அவ்வளவுதான் வரும் போல.

“ஏழாவது படிச்சதாலயா இது நடந்தது? பத்து பேருக்கு ஆர்டர் அனுப்பற அவசரத்துல நடந்தது. எம்.ஏ. படிச்சவளும் இதத்தான் செஞ்சிருப்பா” என்றார்.

இன்றைக்கும் பார்சல் வரவில்லை என்று யாராவது எழுதினால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வருகிறது. ஆனால் கோபத்தில் கை போன் பக்கம் போகும்போதெல்லாம், அந்த மேசையும் அந்த விரலும்தான் கண் முன்னால் வந்து என்னை நிறுத்துகின்றன. அன்று அவர் என் போனை வாங்கி, நான் என்னையே தாழ்த்தி எழுதியிருந்த அந்தக் கடைசி வரியை மட்டும் எழுத்து எழுத்தாக அழித்தார். மிச்சத்தைக் குரூப்புக்கு அனுப்பினார். அதற்கப்புறம்தான் தன் போனை எடுத்து அந்தப் பட்டனை அழுத்தினார்.