பாட்டிலுக்குப் பின்னால் நின்றவள்

பியோ கிதேவுக்கு அபிப்பிராயம் இல்லாத பொருள் தேஜான் நகரத்தில் ஒன்றுகூடக் கிடையாது. வட்ட அலுவலகத்தில் மூன்றாம் நம்பர் கவுன்டரில் உட்கார்ந்து குடும்பச் சான்றிதழ் அச்சடித்துக் கொடுப்பது அவர் உத்தியோகம். சான்றிதழை நீட்டும்போதே, அதை அச்சடித்த மென்பொருளுக்கு ஒரு சாபத்தையும் சேர்த்து நீட்டுவார். "அப்டேட் அப்டேட்டுன்னு ஒவ்வொரு தடவையும் ஒரு பட்டனை ஒளிச்சு வைக்கிறானுங்க. இதுக்கு அரை நட்சத்திரம் குடுத்தாலே அதிகம்." செத்தவர் பெயரை நீக்க வந்தவர்கள்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

சினிமாவுக்குப் போனாலும் இதே கூத்துதான். மனைவி கும்ஹீ கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவாள். "இதுக்கா அழற? வயலினை வெச்சு அறைஞ்சு அறைஞ்சு அழ வைக்கிறான், நீயும் அழற. ரெண்டு நட்சத்திரம்" என்பார் படிக்கட்டில், பத்துப் பேர் காதில் விழ. அவள் கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்துக்கொள்வாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம். பிள்ளை இல்லை. சந்தையில் கீரைப் பிரட்டலும் ஊறுகாயும் விற்கும் சின்னக் கடை அவளுடையது. சந்தையே அவள் சமையலை மெச்சும், வீட்டில் மூன்று நட்சத்திரத்துக்கு மேல் அவள் பார்த்ததில்லை.

ஆனால் கிதேவின் உயிர் கேமராவில்தான் இருந்தது. பழைய லென்ஸ் ஒன்று கைக்கு வந்தால் போதும், சாப்பாட்டு மேசையில் சோயா சாஸ் பாட்டிலை வைப்பார். முன்னால் பாட்டில் கத்தி மாதிரி தெளிவாக விழ வேண்டும், பின்னால் இருப்பது பால் மாதிரி கரைய வேண்டும், அதுதான் சோதனை. பின்னால் கரைவதற்கு ஏதாவது வேண்டுமே! கும்ஹீ ஈரக்கையோடு பாத்திரத் தொட்டிப் பக்கம் நிற்பாள்.

"அசையாம நில்லு."

"ஏங்க, என் மொகம் தெரியுதா?"

"உன் மொகம் தெரிஞ்சா லென்ஸ் சரியில்லன்னு அர்த்தம்டி."

ஒருநாள் உதட்டுச்சாயம் பூசி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அந்தச் சிவப்பு படத்தைக் கெடுக்கிறது என்று துடைத்துவிட்டு வரச் சொன்னார் புண்ணியவான். துடைத்துவிட்டு வந்து நின்றாள். அந்தப் படத்தைத் தன் வலைப்பதிவில் போட்டார். 'பின்னணி மங்கல் அபாரம்' என்று நாற்பது பேர் எழுதியிருந்தார்கள்.

போன இலையுதிர் காலத்தில் அதே வட்ட அலுவலகத்தில் இலவசமாக நீடாயுள் படம் எடுத்தார்கள். சாவுக்கு வைக்கும் படத்தை முன்கூட்டியே எடுத்து வைத்தால் ஆயுள் கூடும் என்று எங்கள் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. கும்ஹீக்கு வயது ஐம்பத்தெட்டுதான். ஆனாலும் கடையைப் பூட்டிவிட்டு, தலைமுடியைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் வந்து நின்றுவிட்டாள். முகம் தெரிய ஒரு படம் வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அவளுக்கு முன்னால் இரண்டே பேர். அப்போதுதான் கிதே கவுன்டரை விட்டு எழுந்து வந்து படக்காரரின் கேமராவைப் பார்த்தார்.

"அடச்சீ, இந்தக் கேமராவா? இதுல எடுத்தா உயிரோட இருக்கறவன்கூட பொணம் மாதிரி விழுவான். விளக்கை எங்க வெச்சிருக்கான் பாரு!"

படக்காரர் தலை நிமிரவில்லை. கும்ஹீ மெதுவாகச் சொன்னாள், "எப்படி விழுந்தாலும் பரவால்லங்க. ஒண்ணு எடுத்துக்கறேன்."

"என் பொண்டாட்டி இதுல போய் உக்காந்தா என் மானம் போயிடும். எழுந்து வா. வசந்த காலம் வரட்டும், நல்ல வெளிச்சத்துல நானே எடுக்கறேன்."

வரிசையில் இருந்த கிழவிகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவள் வெளியே வந்து, சுருட்டிய முடியோடு போய்க் கடையைத் திறந்தாள்.

வசந்தம் வரவில்லை. பிப்ரவரியில் ஒரு காலை, முளைப்பயறு அலசிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஒன்பது மணிக்கு ஆள் இல்லை.

சாவு மண்டபத்தில் பூ அடுக்கும் பையன் கேட்டான், "படம் குடுங்க சார். மத்தியானத்துலேர்ந்து கும்பிட வந்துடுவாங்க."

கிதே வீட்டுக்கு ஓடினார். கணினியில் நாற்பத்தோராயிரம் படங்கள். கோயில் கூரை, மீன்காரி, மழைக் குடை, யாரோ பெற்ற பிள்ளை, எல்லாம் இருந்தது. முகங்களைத் தேடித் தரும் வசதி ஒன்று அந்த மென்பொருளில் உண்டு. 'வேவு பாக்கற வேலை' என்று நட்சத்திரமே கொடுக்காமல் அணைத்து வைத்திருந்தார். இப்போது அதை இயக்கினார். அது அரைமணி நேரம் அரைத்தது. பிறகு, அதிகப் படங்களில் இருப்பவர் என்று ஒரு பெண்ணின் முகத்தை எல்லாருக்கும் மேலே கொண்டுவந்து வைத்தது. ஆயிரத்து நூற்று இருபத்தாறு படங்கள். கீழே 'இவர் யார்? பெயரைச் சேர்க்கவும்' என்று கேட்டது.

சோயா பாட்டிலின் லேபிளில் முக்காடு போட்டுச் சிரிக்கிறாளே ஒரு படத்துப் பெண், அவள்.

ஆயிரத்து நூற்று இருபத்தாறு படத்திலும் அவளுக்குப் பின்னால் கும்ஹீ இருந்தாள். கொஞ்சம் வெளுப்பாக, கொஞ்சம் கறுப்பாக. அது ஆள் என்றே மென்பொருளுக்குத் தெரியவில்லை. கிதே ஒன்றைப் பெரிதாக்கினார், இன்னொன்றைப் பெரிதாக்கினார். பெரிதாக்க ஆக்க அவள் இன்னும் கரைந்தாள். அப்போதுதான் அந்த மனுஷன் வாய்விட்டு அழுதார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அடையாள அட்டைப் படம் நகம் அளவு, அதுவும் தேய்ந்து போயிருந்தது. கல்யாணப் படத்தைக் கொண்டுபோய் நீட்டினார். "சார், இதை வெச்சா வர்றவங்க உங்க மக செத்துட்டான்னு நெனச்சுப்பாங்க" என்றான் பூக்காரப் பையன்.

கும்ஹீயின் தங்கை ஜங்ரான் தன் போனை எடுத்தாள். அக்காவும் தங்கையும் தலையோடு தலை ஒட்டி எடுத்துக்கொண்ட படம். கும்ஹீ தலையில் ஆப் ஒட்டிய இரண்டு முயல் காது. தோல் வழவழவென்று மெழுகாய் இருந்தது. ஆனால் முகம் தெரிந்தது. அவள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த ஆப்பைத்தான் கிதே 'முகத்துக்கு இஸ்திரி போடும் பெட்டி' என்று பக்கம் பக்கமாக ஏசி எழுதியிருந்தார்.

மண்டபத்துக் கணினிக்காரன் முயல் காதுகளை அழித்தான், எங்கள் பாரம்பரிய உடையான ஹன்பொக்கைக் கறுப்பில் உடுத்திவிட்டான். கிதே பார்த்தார். பழக்கம் விடுமா? "கழுத்துக்கிட்ட வெட்டு சரியா வரல. தோலும்..."

"அத்தான்." ஜங்ரானின் குரல் உயரவே இல்லை. "இதுக்கும் நட்சத்திரம் போடப் போறீங்களா?"

கிதே திரையை விட்டு ஓரடி தள்ளி நின்றார்.

"எங்கக்காவுக்கு கண்ணுக்குக் கீழ ஒரு மச்சம் உண்டு. ஆப் அதைத் தொடச்சிடுச்சு" என்றாள் ஜங்ரான் கணினிக்காரனிடம்.

"வெச்சிடலாம்மா. ஆனா செல்ஃபி பாருங்க, எடம் வலம் மாறியிருக்கும். எந்தக் கண்ணு?" என்று கேட்டான்.

ஜங்ரான் வாயெடுத்தாள். பிறகு என்ன தோன்றியதோ, கையைக் கட்டிக்கொண்டாள். "வீட்டுக்காரர் நிக்கறாரே, அவரைக் கேளுங்க."

கணினிக்காரன் திரும்பினான். பூக்காரப் பையன் பார்த்தான். துக்கம் கேட்க வந்த கடைக்காரிகள் நான்கு பேர் பார்த்தார்கள். கிதே கண்ணை மூடினார். கண்ணுக்குள் பாட்டில் தெளிவாகத் தெரிந்தது, லேபிளின் எழுத்துகூடத் தெரிந்தது.

"எடது" என்றார்.

"வலது" என்றாள் ஜங்ரான். "வலது கண்ணுக்குக் கீழ. கடுகு அளவு." சந்தைப் பெண்களில் ஒருத்தி, "பாவி மனுஷன்" என்றாள், கேட்கும்படியாகவே.

மூன்றாம் நாள் பெட்டி கிளம்பும்போது, ஊர்வலத்துக்கு முன்னால் படத்தைத் தூக்கிப் போக கிதே இரண்டு கையையும் நீட்டினார். ஜங்ரான் படத்தை மாரோடு அணைத்துக்கொண்டாள்.

"நான் தூக்கிக்கறேன் அத்தான். நீங்க பின்னால நில்லுங்க. அசையாம."

கிதே போய்ப் பின்னால் நின்றார்.