பாறையில் படுத்திருந்த பட்டாம்பூச்சிகள்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் சொந்தக் கையால் இரண்டு ரைஸ் மில் கட்டியவன். எவனுக்கும் பயந்ததில்லை. நெஞ்சில் அடைப்பு வந்து, தினமும் நடக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னபிறகு, மாசிக் காலைகளில் மனைவியோடு செஞ்சிக் கோட்டையடிக்குப் பட்டாம்பூச்சி பார்க்கப் போவேன்.

அன்று சட்டையைக் கழற்றிவிட்டு, வியர்வை சொட்ட ஒரு பாறையில் படுத்தேன்.

"வடக்க தல வெக்காதீங்கன்னா கேக்கறீங்களா?" என்றாள்.

"தெச பாத்தா நான் மில்லு கட்டனேன்?"

எழுந்து குளம்வரை போய்த் திரும்பினோம். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னாங்க இது, நீங்க இன்னும் அங்கயே படுத்துனு இருக்கீங்க!"

பாறையில் என் வியர்வை பட்ட இடமெல்லாம் கருநீலப் பட்டாம்பூச்சிகள் அப்பியிருந்தன. வடக்கே தலை, பிறகு தோள், இடுப்பு, கால், எல்லாம் என் அளவுதான். மூச்சு விடுவதுபோல இறக்கைகள் விரிந்து மூடின.

வியர்வை உப்பை உறிஞ்ச வந்தவை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் துண்டை ஓங்கியதும், "ஓட்டாதடி" என்று கத்திவிட்டேன். அவை பறந்தால் நானும் போய்விடுவேன் என்று தோன்றியது.

பாறை காயும்வரை நின்றோம். ஒவ்வொன்றாகப் பறந்தன. நெஞ்சு இருந்த இடத்தில் ஒன்று மட்டும் மிஞ்சியது. அது அசைகிறதா என்று அவள் குனிந்து பார்த்தாள். நான் பார்க்கவில்லை.