இறங்காத தகடு

போன வருடம் சித்திரை வெயிலில், தவளக்குப்பத்துக்கு வடக்கே ஆற்றுப் பாலத்தில் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் என்னைப் பிடித்தது. கீழே ஒரு வெள்ளைக்காரர் தனி ஆளாக ஒரு குட்டிப் பாய்மரப் படகில் வந்துகொண்டிருந்தார். நேரே மணல் திட்டுக்குத்தான் வருகிறார், இடிக்கப் போகிறார் என்று பாலத்தின் கைப்பிடியை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவரோ அலட்டிக்கொள்ளாமல் ஒரு கயிற்றை இழுத்தார். படகின் நடு வயிற்றிலிருந்து ஒரு தகடு மேலே எழும்பியது. படகு மணல்மேல் தாம்பாளம்போல வழுக்கி ஏறி நின்றது.

அவ்வளவுதான். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது பி.யூ.சி. முடித்து பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். நூலகத்தில் தேடிப் படித்ததில் விஷயம் புரிந்தது. தகடு கீழே இறங்கி நீரில் நிற்கும்வரை காற்று படகைப் பக்கவாட்டில் தள்ள முடியாது. பாயைத் திருப்பி நினைத்த திசைக்குப் போகலாம். ஆழம் குறைந்தால் தகட்டைத் தூக்கிவிடலாம். தகடு இல்லாத பாய்மரப் படகு காற்று தள்ளுகிற பக்கம் போகும் சருகு. புதுச்சேரியில் பாகூர் கொம்யூன் என்கிற வட்டாரத்தில் இருக்கிற எங்கள் ஊர் ஏரியில் இப்படி ஒன்றை ஓட்டியே தீருவது என்று முடிவு செய்தேன்.

எனக்குக் கிடைத்த கூட்டாளி, வில்லியனூர்ப் பக்கத்து மாதா கோயில் ஊர்க்காரன். பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகம். டவுனில் ஒரு லேத் பட்டறையில் வேலை. கால் அங்குல இரும்புத் தகட்டை அவன்தான் அறுத்து ராவிக் கொடுத்தான். பெட்டி மரப் பலகையில் படகு, காடாத் துணியில் பாய், திசை திருப்பப் பின்னால் ஒரு சுக்கான், படகின் நடுவில் தகடு ஏறி இறங்க ஒடுக்கமான ஒரு மரக்கூடு, தகட்டைத் தூக்க ஒரு கிணற்று ராட்டினம், கயிறு. ஆறு மாதத்தில் முடித்துவிட்டோம். இந்த ஆறு மாதத்தில் அவனிடம் நான் சொல்லாமல் மறைத்தது ஒன்றே ஒன்று. எனக்கு நீச்சல் தெரியாது. ஏழு வயதிலிருந்து டவுனில் விடுதியில் வளர்ந்தவன் நான். ஏரிக்கரை ஊர்க்காரன் என்று பெயர், அவ்வளவுதான். அது வீட்டில் அக்காவுக்கு மட்டும் தெரியும்.

கார்த்திகை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நாள் அடைமழை விட்டிருந்தது. ஏரி தளும்பி, தென்மேற்கு மூலையில் கலிங்கல் வழிந்துகொண்டிருந்தது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறுவதற்குக் கரையைத் தாழ்த்திக் கட்டிய கல்கட்டு அது. அதைத் தாண்டினால் இரண்டு ஆள் உயரப் பள்ளம், கீழே பாறைக் கற்கள். அதன் இரைச்சல் எங்கள் தெருவரை கேட்டது. அதைப் பார்த்தும் எனக்குப் பயம் வரவில்லை. 'இவ்வளவு தண்ணீர் இனி எப்போது கிடைக்கும்' என்றுதான் தோன்றியது.

நண்பன் கோயிலில் பூசை முடிந்து நேராக வந்தான், கையில் பெரிய கறுப்புக் குடையோடு.

"கப்பல்ல போறவன் கொடையோட வருவானாடா?" என்றேன்.

"மேல ஒழுவாத கப்பலா கட்டு, கொடைய வூட்டுலயே வெச்சிட்டு வர்றேன்."

அக்கா ஒரு தட்டில் கற்பூரமும் தேங்காயும் கொண்டுவந்துவிட்டாள். புது சைக்கிளுக்கே சாமி கும்பிடுகிற வீடு எங்களுடையது, படகை விடுமா? எனக்கு அவசரம். கற்பூரத்தைக் காட்டி முடித்ததும் தேங்காயை வாங்கினேன். சுற்றிலும் சேறு, உடைப்பதற்குக் கல் இல்லை. "கரை மேல போய் மைல் கல்லுல ஒட்ச்சிட்டு வாடா" என்றாள் அக்கா. அதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை? தூக்கி வைத்திருந்த தகட்டின் மேல்விளிம்பிலேயே ஓங்கி ஒரு அடி. தேங்காய் மூன்று நான்காகச் சிதறியது. பெரிய மூடிகளைப் பொறுக்கித் தட்டில் போட்டேன். மற்றதை யார் பார்த்தார்கள்?

கழியால் உந்திக்கொண்டு போனோம். கழி தரையைத் தொடாத ஆழம் வந்ததும் பாயை ஏற்றினேன். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று. பாய் படபடவென்று அடித்து விரிந்தது. கரையில் அக்கா கைதட்டினாள். "ஓடுதுடா!" என்று கத்தினேன். படகு ஓடியது உண்மை. ஆனால் முன்னால் ஓடவில்லை, பக்கவாட்டில் ஓடியது. தகட்டை இறக்கிவிட்டுத்தான் பாயை ஏற்றியிருக்க வேண்டும்.

கயிற்றைத் தளர்த்தினேன். தகடு நாலு விரற்கடை இறங்கியது. நின்றுவிட்டது.

இன்னும் தளர்த்தினேன். கயிறுதான் தொய்ந்தது. கையால் அமுக்கினேன். பிறகு எழுந்து நின்று, தகட்டின் தலையில் காலை வைத்து மிதித்தேன். இரண்டு, மூன்று, நாலு மிதி. 'கிறீச்' என்று ஒரு அங்குலம் இறங்கி, ஆணி அடித்ததுபோல் இறுகிக்கொண்டது. இழுத்துப் பார்த்தேன், இப்போது மேலேயும் வரவில்லை.

பாயை இறக்கினோம். அப்படியும் படகு நிற்கவில்லை. காற்றும் நீரோட்டமும் சேர்ந்து ஒரே மூலைக்குத் தள்ளின. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு துடுப்பு. நண்பன் அதைப் போட்டான். போட்டதற்கு எதிர்ப் பக்கம் படகு சுற்றியது, ஆனால் அதே மூலைக்குத்தான் நகர்ந்தது. நங்கூரம் என்று ஒன்று வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கலிங்கலின் இரைச்சல் இப்போது காதுக்குள்ளேயே கேட்டது.

அக்கா தட்டைக் கீழே போட்டுவிட்டுக் கரைமேல் எங்களோடு ஓடிவந்தாள். கையை ஆட்டி ஆட்டி எதையோ கத்தினாள். காற்று ஒரு நொடி விட்டபோது தெளிவாகக் கேட்டது.

"தம்பி! அவனுக்கு நீச்சல் தெரியாதுப்பா! அவனுக்கு நீச்சல் தெரியாது!"

நண்பன் துடுப்பை நிறுத்தினான்.

"இன்னாடா சொல்றாங்க அக்கா?"

நான் தொய்ந்த கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"ஆறு மாசமா படகு கட்டுற. நீச்ச தெர்யாதா ஒனக்கு?"

"கத்துக்கலாம்னு இருந்தேன்."

"எப்ப? இன்னிக்கா?"

அவன் ஒருவனாகக் குதித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கரை ஏறியிருப்பான். அதை நானும் நினைத்தேன், அவனும் நினைத்திருப்பான். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு குப்புறப் படுத்துத் தகட்டுக் கூட்டின் இடுக்கில் ஒரு கண்ணை வைத்தான்.

"உள்ள வெள்ளையா இன்னாவோ மாட்டினு இருக்குது."

தேங்காய்ச் சில்லு. ஓட்டோடு ஒரு துண்டு, தகட்டுக்கும் பலகைக்கும் நடுவில் ஆப்பு வைத்ததுபோல. நான் மிதித்த ஒவ்வொரு மிதியும் அந்த ஆப்பை இறுக்கியிருக்கிறது.

"கீழ தள்ளாதடா இனிமே. மேல தூக்குனாத்தான் அது லூஸாவும்" என்றான் பட்டறைக்காரன். குடையை எடுத்து முழங்காலில் வைத்து முறித்தான். துணியைக் கிழித்து இரண்டு கம்பிகளைப் பிடுங்கி என் கையில் திணித்தான். "நான் கீழ போய் தகட்ட மேல தள்றேன். நீ கயித்த இழு. லூஸானதும் கம்பியால அதக் குத்தி எடு." சட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு கால் தண்ணீரில் இருக்கும்போது திரும்பினான். "கயித்த மட்டும் வுட்டுடாத. கீழ என் தல இருக்குது."

மூழ்கிவிட்டான்.

கயிற்றை இடது உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, காலைக் கூட்டில் உதைத்து இழுத்தேன். கீழிருந்து தகட்டில் 'டொங், டொங்' என்று இடி விழுந்தது. வலது கையால் கம்பியை இடுக்கில் விட்டுக் குத்தினேன். கம்பி வளைந்துவிட்டது. அவன் மேலே வந்து படகைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு வாங்கினான். "வந்துச்சா?" "இல்ல." கலிங்கல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். மறுபடியும் உள்ளே போனான்.

இரண்டாவது கம்பி. 'டொங்.' 'டொங்.' மூன்றாவது இடியில் கயிறு என் கைக்குள் ஒரு சாண் வந்தது. தகடு எழும்பியது! கம்பியைச் சில்லுக்கு அடியில் கொடுத்து நெம்பினேன். அது தெறித்து என் மோவாயில் அடித்துப் படகுக்குள் விழுந்தது.

இப்போது அந்தப் பதினோரு கிலோ இரும்பையும் தடுக்க உலகத்தில் என் இடது கை ஒன்றுதான் இருந்தது. கயிற்றை விட்டால் தகடு இறங்கும், படகு பிடித்துக்கொள்ளும், நான் பிழைப்பேன். கல்கட்டின்மேல் தண்ணீர் கண்ணாடிபோல் வளைந்து விழுவது தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டோம். அவன் இன்னும் மேலே வரவில்லை. 'டொங்' என்று இன்னொரு இடி. சில்லு போனது அவனுக்குத் தெரியாது. இன்னும் தகட்டின் நேர் கீழே இருந்து தள்ளிக்கொண்டிருக்கிறான். நான் படகின் அடியைக் காலால் ஓங்கி ஓங்கி உதைத்தேன். உள்ளங்கைக்குள் கயிறு அறுத்துக்கொண்டு நழுவியது. இன்னொரு கையையும் கொடுத்துப் பிடித்தேன். விட்டுவிடு என்று எனக்குள் ஒரு குரல் சொல்லவில்லை என்று பொய் எழுத மாட்டேன். சொன்னது. விரல்கள்தான் கேட்கவில்லை.

பக்கத்தில் தண்ணீர் உடைந்து அவன் தலை வந்தது.

"ஏறுடா!" என்று கத்தினேன். கை இரண்டும் படகுக்குள் வந்து, அவன் வயிறு விளிம்பைத் தாண்டியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கயிற்றை விட்டேன். தகடு சரசரவென்று இறங்கித் 'தட்' என்று உட்கார்ந்தது. இறக்கி வைத்திருந்த பாயை ஏற்ற, அவன் ஈர உடம்போடு பாய்க்கயிற்றில் தொங்கினான். நான் சுக்கானைத் திருப்பினேன். பாய் நிரம்பியது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அப்புறம், பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது முதன்முதலாக முன்னால் போனது. கலிங்கலை இடப்பக்கம் விட்டு, கல்கட்டுக்கு இணையாக ஓடி, நூறடி தள்ளிக் கரைச் சேற்றில் தகடு சொருகிப் படகு நின்றது.

அக்கா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து முதலில் என்னை அறைந்தாள். பிறகு அவனைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீச்சல் கத்துக்காம இனிமே படகத் தொட்டியானா, கோடாலியால பொளந்து அடுப்புல வெச்சிடுவேன்" என்றாள். நண்பன் படகுக்குள் தேடி அந்தச் சில்லை எடுத்தான். தண்ணீரில் அலசி, பருப்பைக் கடித்துத் தின்றான். "நல்லாத்தான் இருக்குது. ஆனா எங்கப்பா கொடைக்கு இன்னா பதில் சொல்லப் போற?"

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் கழனிக் கிணற்றில் எனக்கு நீச்சல் பாடம். இடுப்பில் கயிறு கட்டி இறங்குகிறேன். மறுமுனையைப் படிக்கட்டில் உட்கார்ந்து பிடித்திருப்பவன் அவன். "வுட்டுடவா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறான். தகட்டுக் கூட்டுக்கு ஒரு மூடி செய்தாகிவிட்டது. நங்கூரத்துக்கு ஒரு பழைய ஏர்க்கொழு கிடைத்திருக்கிறது. தையில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்த் திரும்புவதாகத் திட்டம். அக்காவும் வருகிறேன் என்கிறாள், தேங்காயை மைல் கல்லில் உடைத்தால் மட்டும்.

என் இடது உள்ளங்கையில் கயிறு அறுத்த கோடு இன்னும் இருக்கிறது. ஒருவன் உயிரைக் கையில் பிடித்திருப்பது என்றால் எவ்வளவு கனம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை அவன் எத்தனை சுலபமாகச் சிரித்துக்கொண்டே பிடித்திருக்கிறான் என்பது ஒவ்வொரு ஞாயிறும் தெரிகிறது. வரும் ஞாயிறு, கிணற்றின் நடுவே போனதும், இடுப்புக் கயிற்றை நானே அவிழ்த்து அவனிடம் வீசப் போகிறேன்.