அரைக் கிலோ குறைத்துக் காட்டிய தராசு

ராஜபாளையத்தில் நடந்த தொழில்முறை கபடிப் போட்டியில் எனக்கு மூன்றே வேலை: தராசைச் சரிபார்ப்பது, வீரரை ஏற்றுவது, எடையைக் குறிப்பது. முதல் வேலையிலேயே ஏமாற்றினேன்.

எண்பத்தைந்து கிலோவைத் தாண்டினால் ஆட முடியாது. எங்கள் ஊர் ரைடர் கருப்பசாமி அரைக் கிலோ அதிகம்.

"ஏட்டி, அவன் இல்லாட்டி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்க நம்மள மென்னுருவாங்க. மிஷின செத்த எறக்கி வையி" என்றார் அணி மேலாளரான என் சித்தப்பா. ஊர்ப் பாசத்தில் அப்படியே செய்தேன்.

கருப்பசாமி ஏறினான். சரியாக எண்பத்தைந்து! எல்லோரும் விசிலடித்தார்கள். அவன் மட்டும் முழித்தான்.

"அக்கா, மிஷின் தப்பு. காலைல மில்லு தராசுல கால் கிலோ கூட இருந்தேன். பொறவு நாலு இட்லி வேற தின்னேன்!"

என் முகம் சுட்டது. "நான்தான் மாத்தினேன்" என்று நடுவரிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னை வேலையிலிருந்து விலக்கி, தராசைத் திருத்தி, எடையைக் குறைக்கக் கருப்பசாமிக்கு ஒரு மணி நேரம் கொடுத்தார். அவன் இரண்டு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடினான். ஸ்ரீவில்லிபுத்தூர் கேப்டனும் கூடவே ஓடினான்.

"ஏலே, வேகமா வா! ஒன்னயப் புடிக்கத்தாம்லே ஒரு மாசமா பழகுதேன்!"

மறுபடி ஏறியபோது நடுவர் "எண்பத்தைந்து" என்றார். இரண்டு அணிகளும் துள்ளிக் குதித்தன.

அன்று எங்கள் ஊர் தோற்றது. கருப்பசாமிக்கும் அந்தக் கேப்டனுக்கும் வேண்டியிருந்தது நல்ல ஆட்டம். அதைத்தான் நான் கெடுக்கப் பார்த்தேன். கூட்டத்தில் நின்று, எந்தப் பக்கம் பாயிண்ட் விழுந்தாலும் தொண்டை கட்டும்வரை கத்தினேன்.